ஆறு மாசம் கழிச்சு வாங்க

"குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "இருக்கு டாக்டர்" என்றாள் அம்மா. "இப்ப ஒன்னும் அவசரம் இல்ல டாக்டர்" என்றார் என் கணவர். நான் மடியில் இருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். பத்து வருட ரத்தப் பரிசோதனைகள், சிறுநீரகத் திசுப் பரிசோதனை முடிவு, நாலு டாக்டர்களின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. இந்தக் கேள்விக்கான பதில் மட்டும் அதில் இல்லை.

முந்தின நாள் இரவு தூத்துக்குடியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி வந்திருந்தோம். எனக்கு லூபஸ். உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தத் திசுக்களையே அந்நியம் என்று எடுத்துக்கொண்டு தாக்கும் நோய். இது வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலானோருக்குக் குழந்தை பெறும் வயதில்தான் தொடங்குகிறது. எனக்கு 24 வயதில் மூட்டில் ஆரம்பித்துச் சிறுநீரகத்துக்குப் போனது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரை. அந்த மாத்திரையைச் சாப்பிடும்போது கரு உண்டானால் கலைந்துபோகும் வாய்ப்பு அதிகம். கலையாவிட்டால் குழந்தைக்குக் காது உருவாகாமல் போகலாம், உதடு பிளந்து பிறக்கலாம்.

ஆகவே டாக்டர் சொன்ன வழி இது: மைக்கோஃபினோலேட்டை நிறுத்திவிட்டு, கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று தெரிந்த அசத்தியோபிரினுக்கு மாறுவது. ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினை எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல் இருப்பது. புது மருந்தில் நோய் ஆறு மாதம் அடங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பது. சிறுநீரில் புரதம் போகக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அதுவரை கண்டிப்பாகக் கரு உண்டாகவும் கூடாது. "ஆறு மாசம் கழிச்சு வாங்க. எல்லாம் அமைதியா இருந்தா பேசலாம்."

திட்டமிடுவது என் பிழைப்பு. இரண்டு வாரத்துக்கு என்ன வேலை, எது முடியாவிட்டால் எதைத் தள்ளிவைப்பது என்று பலகையில் கட்டம் போட்டு நகர்த்துவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் ரயிலில் திரும்பும்போது இந்த ஆறு மாதத்தையும் அப்படியொரு பலகையாக மனதில் வரைந்துகொண்டேன். மணியாச்சி தாண்டுவதற்குள் அது குழம்பிப்போயிற்று. காத்திருக்கச் சொல்வது மருத்துவரீதியாகச் சரி. ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறேன்? இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். 'குழந்தைக்காக' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நானும் ஒரு மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் காத்திருப்பு என்பது நடைமுறையில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் செய்கிற ஆபரேஷன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தால், இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தற்காலிக முறைகளைப் பயன்படுத்துகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். கல்யாணமாகி, பிள்ளை இல்லாமல், பிள்ளை வேண்டாம் என்று ஒரு வருடம் தள்ளிப்போடுகிற பெண்ணுக்கு நம் ஊர்ப் பேச்சில் இடமே இல்லை. காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் நர்ஸ் "எத்தனை பிள்ளை?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கும்மா?" கேட்டவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ரத்தம் உறையும் தன்மையுள்ள லூபஸ்காரிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆபத்து என்பதும், அதனால் காப்பர்-டிதான் நல்லது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கர்ப்பம் என்று பதிவானதும் தமிழ்நாட்டின் அமைப்பு அபாரமாக இயங்கும். பிக்மி எண் வரும், 'ஹை ரிஸ்க்' என்று குறிப்பார்கள், கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார். பிரசவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. ஆனால் அந்த அமைப்பு பெண்ணை எண்ணத் தொடங்குவது கரு உண்டான பிறகுதான். லூபஸ்காரிக்கு முக்கியமான வேலையெல்லாம் அதற்கு முந்தின ஆறு மாதத்தில் இருக்கிறது.

அதற்கும் முந்தி ஒன்று உண்டு. 24 வயதில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டபோது ஒரு பெரிய மருத்துவமனையில் எனக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஏற்றினார்கள். உயிரைக் காப்பாற்றிய மருந்து. அது கருமுட்டைகளை அழிக்கக் கூடியது. எவ்வளவு அழியும் என்பது அளவையும் வயதையும் பொறுத்தது. தலைமுடி கொட்டும், வாந்தி வரும், சிறுநீரில் ரத்தம் வந்தால் சொல்லு என்றெல்லாம் சொன்னார்கள். சினைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு வருடம் கழித்து நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது உடன் இருந்த ஓர் இளம் டாக்டரிடம் பிற்பாடு கேட்டேன். "நீங்க அப்ப அன்மேரீடு. அம்மா வேற பக்கத்துல இருந்தாங்க. எப்படிக் கேக்கிறதுன்னு..." என்று இழுத்தார். கல்யாணம் ஆகாதவளுக்குக் கருப்பை உண்டு என்பதை ஒரு மரியாதையின் பேரில் மறந்துவிடுகிறோம். அந்த மரியாதைக்கு நான் எத்தனை முட்டைகளைக் கொடுத்தேன் என்பது இப்போது ஏ.எம்.ஹெச் பரிசோதனையில் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. அது மோசமில்லை. பிரமாதமும் இல்லை. 34 வயதில் அதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திரு என்கிறார்கள்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா சொன்னாள்: "மூட்டுவலின்னு சொல்லிக்கிடுவோம். பொய்யா அது? மூட்டும் வலிக்கத்தானே செய்யுது." நான் மாட்டேன் என்று நின்றேன். மூன்று வரன்கள் நோயின் பேரைக் கேட்டதும் போயின. நாலாவதாக வந்தவர் கேட்டுவிட்டு, கூகுளில் பார்த்துவிட்டு, மறுநாள் போன் செய்து "வெயில்ல போகக் கூடாதாமே, நம்ம ஊர்ல எப்படிச் சமாளிக்கீங்க?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். ஆனால் அவருடைய அம்மாவுக்கு அன்றும் இன்றும் அது மூட்டுவலிதான். அவர் சொல்ல வேண்டாம் என்றார், நான் சரி என்றேன். இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு முக்கியமான உண்மையை மறைத்துச் செய்த கல்யாணத்தைச் செல்லாததாக்க இடம் கொடுக்கிறது. ஆனால் அது கணவன் மனைவிக்கு இடையிலான மறைப்பைத்தான் பேசுகிறது. மாமியாரிடம் மறைப்பதற்குச் சட்டம் இல்லை. இருந்தும், "விசேஷம் ஏதும் உண்டாம்மா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாத்தான்குளத்திலிருந்து போன் வரும்போது, நான் அவரிடம் காத்திருப்பதாகச் சொல்ல முடியாமல் 'ஒன்னும் இல்ல அத்தை' என்று சொல்லி, அவருடைய பிரார்த்தனைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர் வேறொருவர். புறநோயாளிகள் வரிசையில் பழக்கமானவர். எங்கள் மில்லர்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் உப்பளங்களில் உப்பு வாருகிற வேலை. லூபஸுக்கு வெயில் ஆகாது, புற ஊதாக் கதிர் நோயைக் கிளப்பிவிடும். உப்பளம் என்பது மேலேயிருந்து ஒரு வெயில், கீழேயிருந்து இன்னொரு வெயில். வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசவைக்கும். "தொப்பி போட்டுக்கோங்க" என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டிருந்தது.

அவருக்குத் திட்டம் எதுவும் இல்லை. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் எல்லா மாத்திரையையும் தானாகவே நிறுத்திவிட்டார். நம் வீடுகளில் எந்தப் பெண்ணும் செய்யக்கூடியதுதான், என் அம்மாவும் அதைத்தான் சொல்வாள்: "பிள்ளைக்கு ஆவாது, மாத்திரைய விட்டுரு." நிறுத்தக் கூடாத மாத்திரையும் அதில் இருந்தது. ஐந்தாம் மாதம் முகம் வீங்கியது. ஏழாம் மாதத்தின் முடிவில் ரத்த அழுத்தம் எகிறி, அவசரமாக எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிழைத்துக்கொண்டது, இப்போது நடக்கிறது. அவருடைய சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ்.

நான் ஒருநாள் அவரிடம், கேட்கக் கூடாத தொனியில், "யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வருசம் பொறுத்திருக்கலாம், இல்லக்கா?" என்றேன். அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பொறுத்திருந்தா இவ வந்திருப்பாளா?"

அது ஒரு தாயின் சமாதானப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது கறாரான ஒரு வாதம் என்பது இரவில்தான் உறைத்தது. டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' என்ற நூலின் கடைசிப் பகுதியே இதைப் பற்றித்தான். ஒவ்வொரு மனிதரும் குறிப்பிட்ட ஒரு முட்டையும் குறிப்பிட்ட ஓர் உயிரணுவும் சேர்ந்ததால் உண்டானவர். கருத்தரிப்பைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டால் பிறக்கப்போவது அதே குழந்தை இன்னும் ஆரோக்கியமாக அல்ல, வேறொரு குழந்தை. ஆகவே 'காத்திருக்காததால் இந்தக் குழந்தைக்குத் தீங்கு செய்துவிட்டாய்' என்று சொல்லவே முடியாது. காத்திருந்தால் இந்தக் குழந்தையே இல்லை. குறைப்பிரசவத்தில் பிறந்தாலும் வாழத்தகுந்த வாழ்க்கைதான் அதற்குக் கிடைத்திருக்கிறது என்றால், அதன் சார்பில் யாரும் புகார் செய்ய முடியாது.

பார்ஃபிட் இதற்கு ஓர் உதாரணம் கொடுக்கிறார், நம் விஷயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவது. இரண்டு மருத்துவத் திட்டங்கள், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. முதல் திட்டம் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, ஒரு கோளாறு இருந்தால் சிகிச்சை தந்து வயிற்றிலிருக்கும் குழந்தையைக் காப்பாற்றும். இரண்டாவது, கர்ப்பத்துக்கு முன்பே பெண்களைப் பரிசோதித்து, கோளாறு இருந்தால் இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லும். முதலாவதில் ஒரு குறிப்பிட்ட குழந்தை குணமடைகிறது. இரண்டாவதில் ஊனத்தோடு பிறந்திருக்கக்கூடிய ஒரு குழந்தைக்குப் பதிலாக ஊனமில்லாத வேறொன்று பிறக்கிறது. இரண்டிலும் பலன் ஒரே எண்ணிக்கை என்றால் இரண்டும் சமமான மதிப்புள்ளவையே என்பது பார்ஃபிட்டின் பதில். எந்தக் குழந்தை என்பது பொருட்டல்ல என்கிறார்.

நான் அவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அந்த உதாரணத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. குழந்தைகளை எல்லாம் எண்ணுகிறார். அந்த இரண்டு மாதம் காத்திருக்கும் பெண் அதில் இல்லை. அவளுக்கு அது ஒன்றுமே இல்லை என்பதுபோல, காலண்டரில் ஒரு தாளைத் திருப்புவதுபோல, கடந்துவிடுகிறார். உதாரணம் எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நிஜத்தில் காத்திருப்பவளுக்கு ஒரு சிறுநீரகம் இருக்கிறது, குறைந்துகொண்டே வரும் முட்டைகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை போன் இருக்கிறது.

அவளை உதாரணத்துக்குள் கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். 'குழந்தைக்காகக் காத்திரு' என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். தத்துவத்தில் அதுதான் நொண்டுகிற காரணம், ஏனென்றால் காத்திருப்பதால் நன்மை அடையப்போகும் குறிப்பிட்ட குழந்தை என்று எதுவும் இல்லை. 'உனக்காகக் காத்திரு' என்பதை யாரும் சொல்வதில்லை. அதில்தான் எந்தச் சிக்கலும் கிடையாது. காத்திருந்தாலும் காத்திருக்காவிட்டாலும் அவள் அதே பெண்தான். உப்பளத்து அக்காவுக்கு நேர்ந்தது சந்தேகமே இல்லாத நட்டம், அது அதே அக்காவுக்கு நேர்ந்தது. அவருடைய மகளின் பிறப்பைத் துளியும் பழிக்காமல் அந்த நட்டத்துக்காகக் கோபப்பட முடியும். யாராவது அவரிடம் 'உன் கிட்னி போயிரும்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் சொல்லப்பட்டதெல்லாம், சொல்லப்பட்டவரை, பிள்ளையைப் பற்றித்தான். அதனால்தான் அவர் பிள்ளைக்காக மாத்திரையை நிறுத்தினார்.

எல்லாத் தீங்கையும் இந்த வாதத்தால் தள்ளிவிட முடியாது. கரு உண்டான பிறகு மைக்கோஃபினோலேட்டை விழுங்கினால் அது ஒரு குறிப்பிட்ட குழந்தைக்குச் செய்யும் தீங்கு. அதை நான் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்னொரு கேள்வியும் என் ஃபைலில் இருக்கிறது. என் ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பணு உண்டு. கர்ப்பத்தின்போது அது நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட தாய்களின் நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் குழந்தையின் இதயத்தில் மின்சமிக்ஞை கடத்தும் பாதை அடைபட்டுவிடும். அடைபட்டால் திரும்பாது. சில குழந்தைகள் இறந்துவிடும். பிழைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் இந்த வாய்ப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2020இல் வெளியான பேட்ச் ஆய்வு, முன்பே ஒரு குழந்தை இப்படிப் பாதிக்கப்பட்ட தாய்களில் அது மீண்டும் நிகழ்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் பூஜ்யமாகாது. இங்கே என் எதிர்ப்பணு இல்லாத அம்மாவுக்கு அதே குழந்தை பிறக்க வழியே இல்லை.

"நூத்துல ஒன்னுதானே" என்றாள் அம்மா. "நூத்துல ஒன்னுன்னா சின்ன நம்பர் இல்ல" என்றாள் என்னோடு கல்லூரியில் படித்த தோழி, கொஞ்சம் தயங்கிவிட்டு, "சுயநலமாத் தோணலையா உனக்கு?" என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானே ராத்திரிகளில் கேட்டுக்கொண்டதுதான்.

ஆனால் இந்தக் கேள்வி யாரிடமெல்லாம் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். என் சித்தி தாய்மாமனைக் கட்டியவர். அந்தத் தலைமுறையில் எங்கள் வீட்டில் முறை மாப்பிள்ளையைக் கட்டாதவர்களை எண்ணிவிடலாம். அத்தை மகன், மாமன் மகளுக்கிடையே கல்யாணம் என்றால் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு மற்றவர்களைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுகிறது என்பது மரபியலில் பலமுறை அளக்கப்பட்ட விஷயம். தாய்மாமன் என்றால் இன்னும் அதிகம். என் ஆன்டி-ரோவின் எண்ணும் அதே அளவில்தான் இருக்கிறது. சித்தியின் கல்யாணத்தில் பந்தி வைத்தார்கள், சுயநலம் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தம் விட்டுப்போகக் கூடாது, சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்காகக் குழந்தையின்மேல் ஏற்றப்படும் ஆபத்து நமக்கு ஆபத்தாகவே தெரிவதில்லை. ஒரு நோயாளி 'எனக்கொரு பிள்ளை வேண்டும்' என்று ஆசைப்படும்போதுதான் சதவீதம் நினைவுக்கு வருகிறது.

இதைத் தோழியிடம் சொன்னேன். "ரெண்டு தப்பு சேர்ந்தா ஒரு சரி ஆகிருமா?" என்றாள். ஆகாதுதான். என் பதிலின் பலம் பாதிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பிறப்பும் பிறப்பவர் சம்மதம் இல்லாமல் அவர்மேல் ஏற்றப்படும் ஆபத்து என்ற இடத்துக்கு அந்த வாதம் போய்ச் சேரும். டேவிட் பெனாட்டர் போன்றவர்கள் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். நான் அதுவரை போகவில்லை. பதினாறாம் வாரத்திலிருந்து குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கண்காணிக்க முடியும், நான் மாத்திரையை விடாமல் சாப்பிட முடியும், பேஸ்மேக்கர் வைத்த பிள்ளையை வளர்க்கத் தயாரா என்று இப்போதே கணவரிடம் கேட்டு உண்மையான பதில் வாங்க முடியும். கேட்டேன். "தெரியல" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விட முடியாது. எங்களைப் போன்றவர்களுக்குக் கர்ப்பத்தில் எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது என்பது ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது? 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைகால் குறைபாட்டோடு பிறக்கவைத்தது. அந்தப் பயத்தில் 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கருத்தரிக்கக்கூடிய பெண்களையே ஆரம்பகட்ட ஆய்வுகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. பாதுகாப்பதற்காக விலக்கினார்கள், விளைவாக எந்தத் தகவலும் இல்லாமல் போனது. ஆய்வில் இல்லாவிட்டாலும் நோயுள்ள பெண்கள் கர்ப்பமாகிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினைக் கர்ப்பத்தில் நிறுத்தச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. நிறுத்தியவர்களுக்கு நோய் கிளம்பியதைப் பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்தக் கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2020 வழிகாட்டுதல் லூபஸ் உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பரிந்துரைக்கிறது.

அதே 2020 மார்ச் கடைசி வாரம், கொரோனாவுக்கு முன்தடுப்பாக மருத்துவப் பணியாளர்கள் அதைச் சாப்பிடலாம் என்று ஐ.சி.எம்.ஆர் அறிவித்ததும் நாடெங்கும் கடைகளில் அது காலியானது. ஊரடங்கில் நான் மில்லர்புரம் வந்திருந்தேன். அப்பா ஸ்கூட்டரில் ஏழு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கி, எட்டாவதில் ஒரு பட்டை வாங்கி வந்தார். "எல்லாரும் ஸ்டாக் வாங்கி வச்சிட்டாக" என்றார் கடைக்காரர். உலகத்துக்கே அந்த மாத்திரையைச் செய்து அனுப்புகிற நாடுகளில் முதன்மையானது இந்தியா. கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்பது சில மாதங்களில் தெளிவானது. அந்தச் சில வாரங்களில் அதை ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. பெரும்பாலும் பெண்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்திருப்பார்கள்.

தூத்துக்குடிக்காரி இப்படியொரு கட்டுரை எழுதினால் முத்து வரும் என்று வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடும். சிப்பிக்குள் அந்நியமாக ஏதோ நுழைகிறது, அதைச் சுற்றிச் சிப்பி பளபளப்பாகப் படலம் கட்டுகிறது, முத்து பிறக்கிறது. எதிர்ப்பு மண்டலம், வலி, பிள்ளை எல்லாவற்றையும் ஒரே உவமையில் முடித்துவிடலாம். எனக்கு அந்த உவமை ஆகாது. முத்துக்காகச் சிப்பியை எடுத்தவர்கள் சிப்பியைப் பிளந்தார்கள். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

உவமை இல்லாமலே உடம்பு போதுமான ஆச்சரியம் தருகிறது. பாதி அப்பாவுடையதான கருவைத் தாயின் எதிர்ப்பு மண்டலம் ஏன் தூக்கி எறிவதில்லை என்ற புதிரை பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பினார். இன்றும் முழு விடை இல்லை. முடக்குவாதம் உள்ள பெண்கள் பலருக்குக் கர்ப்பத்தில் வலி குறைவதைக் கவனித்த ஃபிலிப் ஹென்ச், உடம்பில் ஏதோ ஒரு பொருள் அதைச் செய்கிறது என்று தேடிப்போய்த்தான் கார்ட்டிசோன் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். 1950இல் நோபல் பெற்றவர்களில் அவரும் ஒருவர். நான் காலையில் விழுங்கும் ஸ்டீராய்டுக்கு வழிகாட்டியவர்களில் யாரோ சில கர்ப்பிணிகள் உண்டு. அவர்கள் பேர் எங்கும் இல்லை. லூபஸில் அப்படிக் குறைவதில்லை, பலருக்குக் கூடும்.

ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுநீரில் புரதம் போகவில்லை. அசத்தியோபிரின் முதல் இரண்டு வாரம் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. உப்பளத்து அக்காவின் மகளுக்கு இரண்டு வயது முடிந்து, பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தார். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருந்தார். மருத்துவமனையில் கேட்டதைப் போல் அங்கே எதுவும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்: "நீ எப்பம்மா?" டாக்டர் காத்திருக்கச் சொன்னதைச் சொன்னேன். "உன் உடம்பைப் பார்த்துக்க" என்றார். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பேர், மாத்திரையின் பேர், ஆறு மாதக் கணக்கு, கருத்தடை, ஆன்டி-ரோ. கணவர் எதிரே நின்று வேண்டாம் என்று கைகாட்டிக்கொண்டிருந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மூணு வருசமா திருச்செந்தூருக்கும் நாசரேத்துக்கும் மாறி மாறி நேந்துக்கிட்டுக் கிடக்கேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாம்மா உனக்கு?"

நான் எனக்கு இருந்த எல்லாக் காரணங்களையும் யோசித்துப் பார்த்தேன். என் 24 வயதில் சினைப்பையைப் பற்றி எனக்குச் சொல்லாமல் விட்டவர்களுக்கும் இதே காரணங்கள்தான் இருந்திருக்கும். மன்னிச்சிருங்க அத்தை என்றேன். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "அடுத்த டெஸ்ட்டு எப்ப?" என்று கேட்டார். பதினெட்டாம் தேதி என்றேன். குறித்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.